வியத்நாம் நாட்டு உணவுகள்

ஒரு தேசத்தின் சரித்திரம் ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் மாத்திரம் எழுதப்படுவதன்று, அடுப்பங்கரையிலும் எழுதப்படுகின்றது. வியத்நாம் தேசத்தின் உணவுகளை ஆராயின், வறுமையும் அயலார் ஆட்சியும் போரும் அவற்றில் விட்டுச்சென்ற சுவடுகளைக் காணலாம். எஞ்சியனவற்றையும் பிறர் கழித்தனவற்றையும் கொண்டு அம்மக்கள் சமைத்தவையே இன்று உலகத்தார் விரும்பும் உணவுகளாயின. வடக்கினின்று தெற்கு நோக்கிச் சென்று அவற்றுட் சிலவற்றைக் காண்போம்.

தலைநகராகிய ஹனோயில் காலையாகாரம் 'ஃபோ' என்பது. மாட்டெலும்பைப் பல மணி நேரம் காய்ச்சி, சுட்ட இஞ்சி, வெங்காயம், அன்னாசிப்பூ, இலவங்கப்பட்டை ஆகியன கூட்டி இறக்கிய தெளிந்த சாற்றை, நாடாவைப்போல் அரிந்த அரிசிமாப் பட்டைகளின்மீது வார்த்து, மெல்லிய இறைச்சித் துண்டுகளுடன் தருவர். முன்னாளில் மாடுகள் பெரும்பாலும் உழவுக்கே பயன்பட்டன. பிரெஞ்சுக்காரர் இறைச்சிக்காக அவற்றை அறுக்கத் தொடங்கியபின் மிகுந்த எலும்பிலிருந்தே இச்சாறு பிறந்ததென்பர். பின்னர் அமெரிக்கருடன் நிகழ்ந்த போர்க்காலத்தில் அரசாங்கக் கடைகளில் இறைச்சியில்லாத ஃபோவே கிடைத்தது. ஆளின்றிப் பறந்த வேவு விமானத்தை நினைந்து, அதனை 'ஓட்டியில்லா ஃபோ' என மக்கள் நகையாடினர். பசியிலும் நகை குன்றாத மக்கள் அவர்கள்!

அந்நகரின் நண்பகலுணவு 'புன் சா'. நமது இடியப்பத்தைப்போற் பிழிந்த அரிசிநூலை, கரிநெருப்பில் வாட்டிய பன்றியிறைச்சியோடும் பச்சிலைகளோடும் உண்பர். மஞ்சளும் சதகுப்பையும் சேர்த்துப் பொரித்த மீனுணவாகிய 'சா கா'வோ ஒரு தெருவுக்கே தன் பெயரை அளித்துள்ளது. ஹனோயின் பழைய நகர்ப்பகுதியிலுள்ள அத்தெருவை யாத்திரிகர் எளிதிற் காணலாம்.

1802 முதல் 1945 வரை அரசர் வீற்றிருந்த ஹுவே நகரம் தேசத்தின் நடுவில் உள்ளது. சிறு கிண்ணங்களில் ஆவியில் வேகவைத்து, உலர்ந்த இறால் தூவிய அரிசியப்பமும், எலுமிச்சைப்புல் மணக்கும் காரமான 'புன் போ'வும் இவ்வூரின் சிறப்புணவுகள். இவற்றை உண்ண விரும்புவோர் தோங் பா சந்தைக்குச் செல்லல் தகும். தெற்கே ஹோய் ஆன் என்னும் பழந்துறைமுகத்தில் 'காவ் லாவ்' உண்டு. அதற்குரிய மாவை இன்ன கிணற்று நீரால்தான் பிசைதல் வேண்டுமென்பது ஊரார் கொள்கை.

தெற்கிலுள்ள சைகோன் 1976 முதல் ஹோ சி மின் நகரம் எனப்படுகின்றது. இங்குப் புகழ்பெற்றது 'கோம் தாம்' என்னும் நொய்யரிசிச் சோறு. ஆலையிற் குத்தும்போது உடைந்த நொய்யை ஏழைகள் பொங்கியுண்டனர். இன்று செல்வரும் அதனைத் தேடியுண்கின்றனர். ஆள வந்தோர் கொணர்ந்த ரொட்டியைப் பிளந்து, இறைச்சியும் ஊறுகாயும் மல்லித்தழையும் வைத்துத் தமதாக்கிக்கொண்டதே 'பான் மீ'. 1954இல் தேசம் இரண்டாகப் பிரிந்தபோது, வடக்கினின்று இலட்சக்கணக்கானோர் இங்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுடன் ஃபோவும் பெருக வந்து, முளைப்பயறும் துளசியினத் தழையும் ஏற்றுப் புதுச்சுவை பெற்றது.

தமிழராகிய நமக்கும் அந்நகரத்திற்கும் ஓர் உறவுண்டு. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் முதலிய இடங்களினின்று தமிழர் பலர் அங்குச் சென்றனர். அவர்கள் வழிபட்ட மாரியம்மன் கோயில் இன்றும் நகர்நடுவே விளங்குகின்றது. நமது 'கறி' என்னும் சொல்லும் 'கா ரி' என அங்கு வழங்குகின்றது. தேங்காய்ப்பாலிட்ட அக்கோழிக்கறியை ரொட்டியுடன் உண்பர்.

எல்லா ஊர்களுக்கும் பொதுவானது 'நுவோக் மாம்'. நெத்திலி போன்ற சிறுமீன்களை உப்பிட்டு, ஏறக்குறைய ஓராண்டு ஊறவைத்து வடிப்பது இது. பூ குவோக் தீவில் இதனை மரத்தொட்டிகளில் ஊறவைக்கும் பட்டறைகளைக் காணலாம். புலால் உண்ணாதார் 'சாய்' என்னும் சொல் எழுதிய கடைகளை நாடுக. பௌத்தர் பலர் சந்திரமாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் நீக்குவராதலின், அந்நாட்களில் அவ்வுணவு மிகுதியாய்க் கிடைக்கும்.

இவ்வுணவுகளுட் பல, பெரிய விடுதிகளினும் தெருவோரத்துத் தாழ்ந்த முக்காலிகளில் அமர்ந்து உண்பார்க்கே தம் முழுச்சுவையையும் தருவன. எலும்பும் நொய்யும் சிறுமீனும் இழிபொருள்களல்ல. பொறுமையும் கைத்திறனும் உடையோர் கையில் அவையே விருந்தாகும். வியத்நாமியர் அடுக்களை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.