பிளஸ் டூ படித்த அம்மா பாடம் நடத்தலாமா?

கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் மறந்துபோனதை மாலை நேரத்தில் அவர்கள் தெருவிலேயே மீட்டுத்தர வந்த திட்டம் ‘இல்லம் தேடிக் கல்வி’. 2021 அக்டோபர் 27-ல், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கியது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். அவர்களைப் பற்றி எழும் சந்தேகங்கள் சில:

பி.எட். முடிக்காதவர் எப்படிச் சொல்லித்தர முடியும்?

ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பிளஸ் டூ, எட்டு வரை என்றால் பட்டப்படிப்பு, திட்டம் தொடங்கியபோது கேட்ட தகுதி அவ்வளவுதான். பாடப் புத்தகத்தை முடித்துக்கொடுப்பது இவர்கள் வேலை அல்ல. எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கடன் வாங்கிக் கழிக்கவும் பழக்க வேண்டும். வாசல் திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்து, பின்தங்கியவனை மட்டும் தனியே கவனிக்க ஊர் அக்காவால் முடியும்.

இது புதிதும் அல்ல. மும்பையிலும் வதோதராவிலும் ‘பிரதம்’ அமைப்பு, பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி தந்து ‘பால்சகி’களாக அமர்த்தியது. பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதை ஆராய்ந்தார்கள். அதிகம் முன்னேறியவர்கள் கடைசி வரிசைப் பிள்ளைகளே. அவர்கள் பால்சகியிடம் எழுந்து போனதால் கூட்டம் குறைந்த வகுப்பில் ஆசிரியரிடமே இருந்தவர்களுக்குக் குறிப்பிடும்படி எந்த ஏற்றமும் இல்லை!

தமிழ்நாட்டில் பலன் கிடைத்ததா, வெறும் விளம்பரமா?

கிராமப்புறப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரை கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நடத்தியது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது என்கிறது. எல்லாம் அக்காக்களின் சாதனை என்பது மிகை. விளம்பரம் என்று தள்ளுவது அதைவிடப் பெரிய தவறு.

ஆசிரியர் பணியிடங்களுக்கு ஆபத்தா?

வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும்வரை இல்லை. காலிப் பணியிடத்தில் தன்னார்வலரை உட்காரவைத்தால், அப்போது எதிர்க்க வேண்டும்.

தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் போதுமா?

போதாது. வாரம் ஐந்து நாள், தினமும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் என்று கணக்கிட்டால் மணிக்கு 30 முதல் 45 ரூபாய்தான் தேறும். ‘சேவை’ என்று சொல்லி இதை நியாயப்படுத்த முடியாது. இவர்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்பவர்கள், கொடுக்கும் தொகை தகுமா என்றும் அரசிடம் கேட்க வேண்டும்.