விளையாட்டுப் பலகையும் அதன் கம்பிப் பிணிகளும்

1978ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, ஈராண்டு கழித்து அங்கிருந்தே வந்த ‘பேக்-மேன்’ முதலிய ஆட்டங்கள், காசு போட்டு ஆடும் பெட்டிகளில் குடியிருந்து ஒரு தலைமுறையையே வசீகரித்தன. அப்பெட்டிகள் பெரும்பாலும் மறைந்தபின், இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் வெளியிட்ட ‘மேம்’ என்னும் மென்பொருள், அவ்வாட்டங்களைச் சாதாரணக் கணினியிலே உயிர்ப்பித்தது. ஆயினும் கணினியின் விசைகளைத் தட்டி ஆடுவதில் பழைய ரசிகர்கள் திருப்தி அடையவில்லை. ஆகவே ஜாய்ஸ்டிக்கும் வட்டப் பொத்தான்களும் பதித்த பலகையைத் தாமே செய்து, தாமே ஒயர் இழுத்துக் கணினியோடு இணைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. தச்சுவேலையில் எவரும் அதிகம் திகைப்பதில்லை. முடித்த பலகையில் பாதிப் பொத்தான்கள் வேலை செய்யாதபோது, அதைக் கவிழ்த்து அடியிலுள்ள ஒயர்க் கற்றையைப் பார்க்கையில்தான் மனம் கலங்குகிறது.

அக்கலக்கம் அவசியமற்றது என்பது என் திடமான அபிப்பிராயம். ஒயர்கள் எத்தனை இருப்பினும் தத்துவம் ஒன்றே. ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் உண்டு. அதன் ஒரு முனையிலிருந்து சிக்னல் ஒயர், என்கோடர் எனப்படும் சிறிய சர்க்யூட் பலகைக்குச் செல்கிறது. மற்றொரு முனை கிரவுண்டோடு சேர்கிறது. என்கோடரானது தன் முனைகளை வழக்கமாக 5 வோல்ட்டில் நிறுத்திவைத்துக் காத்திருக்க, பொத்தான் அழுந்தியதும் உரிய முனை கிரவுண்டோடு கூடிப் பூஜ்யத்துக்கு இறங்க, அவ்விறக்கத்தையே அது கணினிக்கு அறிவிக்கிறது. இதை மனத்தில் இருத்தியவர், ஒரு ஒயரையும் பிடுங்குமுன், எவை இயங்குகின்றன, எவை இயங்கவில்லை என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வாராயின், கோளாறின் ஸ்தானத்தை அக்குறிப்பே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வரிசையே செயலிழந்திருந்தால் கிரவுண்டைச் சந்தேகிக்க வேண்டும். பொத்தானுக்கொரு கிரவுண்டு ஒயர் இழுப்பது வீண் என்பதால், ஒரே ஒயரைப் பொத்தானுக்குப் பொத்தான் சங்கிலியாகக் கோத்துச் செல்வார்கள். இடையில் ஒரு கிளிப்பிலிருந்து ஒயர் கழன்றாலும் போதும்; வாய்க்கால் நடுவே அடைபட்டால் தலைமடை நனையக் கடைமடை காய்வதுபோல, அதற்கு அப்பாலுள்ள பொத்தான்கள் யாவும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. பழக்கமில்லாதவர் ஆறு பொத்தான்களும் கெட்டனவென்று ஆறு புதிய ஸ்விட்சுகள் வாங்கப் புறப்படுகிறார். கெட்டதோ ஒரே ஓர் இணைப்பு. இயங்கும் கடைசிப் பொத்தானுக்கும் இயங்காத முதற்பொத்தானுக்கும் நடுவே தேடினால் அது அகப்படும். சங்கிலியின் கடைமுனையையும் என்கோடரின் கிரவுண்டுக்கே திருப்பிக்கொண்டுவந்து வளையமாக முடித்துவைத்தால், ஓரிடத்து முறிவு எந்தப் பொத்தானையும் தொடாது. இவ்வளவு எளிய காப்பைப் பலர் செய்யாமல் விடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஒரே பொத்தான் மட்டும் அடங்கியிருந்தால், அதன் சிக்னல் ஒயரைப் பக்கத்திலுள்ள நல்ல பொத்தானின் ஒயரோடு மாற்றிச் செருகிப் பார்க்கலாம். பிணி ஒயரோடு இடம் பெயர்ந்தால் குற்றம் ஒயரிலோ என்கோடரிலோ உள்ளது. பொத்தானிலேயே தங்கினால் ஸ்விட்சிலோ அதன் கிரவுண்டு கிளிப்பிலோ உள்ளது. பிறகு யூ.எஸ்.பி. இணைப்பைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஒலியெழுப்பும் நிலையில் வைத்து, ஒயரின் இரு முனைகளையும் தொட்டு நிச்சயம் செய்துகொள்ளலாம். கிளிப்பானது செம்புக் கம்பியைக் கவ்வாமல் மேலுறையைக் கவ்வியிருப்பது மிகச் சாதாரணமான குற்றம். பார்வைக்கு நேர்த்தியாகவே இருக்கும். மெல்ல இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிடும். கிளிப்புகளில் 2.8, 4.8 மில்லிமீட்டர் என இரு அளவுகள் பெரிதும் புழங்குவதால், முனைக்குப் பெரிதான கிளிப் தளர்ந்து நின்று, ஆட்டத்தின் வேகத்தில் தொட்டும் தொடாமலும் தொல்லை தருவதுமுண்டு.

தொடாத பொத்தான் அழுந்தியதாகவும், அழுத்தினால் விடுபட்டதாகவும் கணினி கருதினால், ஒயர் முனை மாறிச் செருகப்பட்டிருக்கிறது. ஸ்விட்சின் முனைகள் மூன்றனுள், பொது முனையையும், அழுத்தும்போது மட்டும் கூடும் ‘என்.ஓ.’ முனையையும் பயன்படுத்த வேண்டியிருக்க, அழுத்தாதபோது கூடியிருக்கும் ‘என்.சி.’யில் செருகிவிட்டதன் விளைவு அது.

ஜாய்ஸ்டிக்கில் திசை தலைகீழாவதற்கு வேறொரு காரணம் உண்டு. கைப்பிடியை இடப்புறம் சாய்த்தால், நடுவில் ஊன்றிய தண்டின் கீழ்முனை வலப்புறம் நகர்ந்து அங்குள்ள ஸ்விட்சையே அழுத்துகிறது. ஆதலால் இடத்துக்குரிய ஒயர் வலப்புற ஸ்விட்சிலும், மேலுக்குரியது கீழ்ப்புற ஸ்விட்சிலும் சேர வேண்டும்.

பழைய கணினி விசைப்பலகையைப் பிரித்து, அதன் சர்க்யூட்டையே என்கோடராக வைத்துக்கொண்டவர்களுக்கு மாத்திரம் நேரும் சங்கடம் ஒன்றுண்டு. அதில் பொதுக் கிரவுண்டு கிடையாது. விசைகள் நிரையும் நிரலுமாகப் பின்னப்பட்டுள்ளன. ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளில் அமைந்த விசைகளை ஒருசேர அழுத்தினால், நான்காம் மூலையின் விசையும் அழுந்தியதாகத் தோன்றலாம். ஒயரை எத்தனை முறை சோதித்தாலும் இதில் குற்றம் அகப்படாது. ஒவ்வொரு ஸ்விட்சோடும் உரிய திசையில் ஒரு டயோடு சேர்க்க வேண்டும். அல்லது பொத்தானுக்கொரு தனிமுனை உடைய என்கோடருக்கு மாறிவிட வேண்டும். இரண்டில் பின்னதையே நான் சிபாரிசு செய்வேன்.