சிப்பந்திகள் நிலைத்து நிற்பது எதனால்?

நோட்டன் பிரிட்ஜ் சிறிய ஊர். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணையும், அந்நீரைக் கொண்டு 1950-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய லக்சபான மின்நிலையமும் அதன் பெயரை நாடறியச் செய்தன. எனினும், தேயிலை மலைகளுக்கு நடுவேயுள்ள இத்தகைய ஊர்களின் அன்றாட வாழ்வைத் தாங்குவன பலசரக்குக் கடை, தேநீர்க் கடை, தையற்கடை முதலிய சிறு தொழில்களே. இரண்டு மூன்று சிப்பந்திகளைக் கொண்டு அவற்றை நடத்தும் முதலாளிமாரின் பெருங்கவலை யாது? வேலை பழகியதும் பையன் கொழும்புக்குப் போய்விடுகிறான் என்பதே.

இதற்குப் பலர் காணும் மருந்து முன்பணம். தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால், அது தீரும்வரை ஆள் அசையமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. நம் மலைநாட்டுக்கு இக்கணக்கு புதிதன்று.

தமிழகத்துக் கிராமங்களில் ஆள் திரட்டி வந்த பெரிய கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் அவர்கள் பெயரிலே கடனாக எழுதி வைத்தார். இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் எனத் தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடனோ தொழிலாளர் தலையிலேயே இருக்கும். ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. துண்டின் தொகையும் ஏறியது. கூடிய தொகை கிடைக்கும் இடத்துக்குத் தம் ஆட்களோடு பெயர்ந்த கங்காணிமாரும் உண்டு. ஆளை நிறுத்திவைக்க வந்த கடனே ஆளைப் பெயர்க்கும் கருவியாயிற்று! 1921-ஆம் ஆண்டிலே சட்டம் இம்முறையை ஒழித்தது.

கடனால் கட்டுண்டவர் உடலால் நிற்பார், உள்ளத்தால் நில்லார். இதுவே துண்டு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இதற்கு நேர்மாறான ஏற்பாடும் நம் நாட்டில் உண்டு. 1958-ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், முதலாளி தம் கையிலிருந்து 12 பங்கும் செலுத்துதல் வேண்டும். 1980-இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 பங்கு செலுத்துகிறார். ஒரே சிப்பந்தியை வைத்திருக்கும் கடைக்கும் இக்கடமை உண்டு. கடை மாறினாலும் சேர்ந்த பணம் ஊழியருக்கே உரியது. அன்று தொழிலாளியைத் தொடர்ந்து சென்றது கடன். இன்று தொடர்ந்து செல்வது சேமிப்பு.

"அப்படியானால் அவன் போவதற்கன்றோ வசதி செய்கிறோம்?" என வினவலாம். ஆம், போகலாம். போகக்கூடியவன் போகாமல் நிற்கும்போதுதான் அவன் உண்மையில் நம்முடையவன் ஆகிறான்.

சிறு வியாபாரி கொழும்புச் சம்பளத்தோடு போட்டியிடல் அரிது. ஆயினும், குறித்த நாளில் சம்பளம் கொடுக்கலாம். 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வகுத்த வார விடுமுறையான ஒன்றரை நாளை முணுமுணுக்காமல் அளிக்கலாம். நோய் வந்தபோது உதவும் தொகையை வட்டியின்றிச் சிறு தவணைகளாகக் கழிக்கலாம். கணக்கையும் கொள்முதலையும் படிப்படியாகக் கற்றுக்கொடுக்கலாம். ஆராய்ந்து ஒருவனைத் தேர்ந்தபின், அவ்வேலையை அவன் பொறுப்பிலே விடுக என்பது திருக்குறளின் 52-ஆம் அதிகாரம் கூறும் நெறி. அரசனுக்குச் சொன்னது அங்காடிக்கும் பொருந்தும். நாள்தோறும் ஏசப்படும் சிப்பந்திக்கு எவ்வூரும் நல்லூரே. நம்பிக்கை பெற்றவனுக்கோ அக்கடையே ஊர்.

பள்ளிப் படிப்பை முடித்து வேலைக்குச் செல்லும் மாணவர்களுக்கும் ஒரு சொல்: சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு அமையாதீர்கள், சேமலாப நிதி உண்டா என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு முகஞ்சுளிக்காத முதலாளியிடம் வேலை பழகுவது நன்று. அத்தகைய முதலாளி சிப்பந்தியைத் தேடி அலையவும் நேராது.