மாந்தைத் துறைமுகமும் அதன் வயல்களும்

துறைமுகத்தை வளர்ப்பது கடல் மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். மன்னாரின் மாந்தை வேறு பாடம் சொல்கிறது.

திருக்கேதீச்சரம் அமைந்துள்ள இவ்விடமே பண்டைய மாதோட்டத் துறைமுகம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கடப்பது கடினம். ஆகவே கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பொருட்கள் இங்கே கைமாறின. 1980களின் அகழ்வாய்வில் சீன, பாரசீக மட்பாண்டங்கள் கிடைத்தன. பின்னைய ஆய்வில் மிளகும், தூரக் கிழக்குத் தீவுகளில் விளையும் கராம்பும், நெல்லும் அகப்பட்டன.

அந்த நெல்லைக் கவனிப்போம். மாலுமிக்கும் வணிகருக்கும் சோறு வேண்டும். அதைத் தந்தவர்கள் குளமும் வாய்க்காலும் காத்த உழவர்கள். உள்நாட்டுத் தலைநகரான அனுராதபுரத்தின் வாசலாகவே மாந்தை செழித்தது. 11ஆம் நூற்றாண்டில் தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியது. மாந்தையும் மெல்ல ஒடுங்கியது. கடல் அங்கேயேதான் இருந்தது.

ஆகவே, கரையோரத்தில் துறைமுகத் திட்டம் பேசப்படும்போது, இடம்பெயர்ந்துள்ள நாமும் கேட்போம்: எமது வயலுக்கும் நீருக்கும் அதில் என்ன இடம்? அதுவரை காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் கவனமாகக் காத்து வைப்போம்.