பிளஸ் 1 அட்மிஷன்: டி.சி. வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டியது என்ன?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் காலையிலேயே போன் அடிக்கத் தொடங்கிவிடும். முதல் கேள்வி, ‘எவ்வளவு மார்க்?’ இரண்டாவது கேள்வி, ‘எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?’ இரண்டாவது கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இருக்காது. அப்பா டிரைவர், அம்மாவுக்கு கம்பெனியில் ஷிப்ட். பிள்ளையோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேச வாய்ப்பில்லாமலேயே தேர்வுக் காலம் முழுவதும் கடந்திருக்கும். ஒரு நாள் லீவு போட்டு, பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த பள்ளிக்கே போய் வரிசையில் நிற்பார்கள். அங்கே இருப்பவர் ‘என்ன குரூப்?’ என்று கேட்கும்போதுதான் அப்பாவும் பிள்ளையும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த இடத்தில் சொல்லும் பதில் அடுத்த இரண்டு ஆண்டுகளை மட்டுமல்ல, பிளஸ் 2-வுக்குப் பிறகு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. அதனால் பள்ளியைத் தேடும் முன் குரூப்பைப் பற்றிப் பேசுவது நல்லது.

எந்தக் குரூப், எந்த வழி?

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த குரூப்பில் இன்ஜினியரிங், மருத்துவம் இரண்டுக்கும் வழி உண்டு. சுமையும் அதிகம். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இதில் சேர்த்துவிட்டு, பிள்ளை கணிதத்திலும் திணறி, உயிரியலுக்கும் நேரமில்லாமல் போவது ஊருக்கு ஊர் நடக்கும் கதை. கணிதத்தோடு கணினி அறிவியல் எடுத்தால் மருத்துவப் பக்கம் போவது சிரமம். தாவரவியல், விலங்கியல் எடுத்து கணிதத்தை விட்டால், தமிழ்நாட்டின் பொதுக் கலந்தாய்வு வழியே இன்ஜினியரிங் சேர முடியாது. அங்கே 200-க்குப் போடப்படும் கட் ஆஃபில் 100 கணிதத்துக்கு. மீதி 100-ல் இயற்பியலுக்குப் பாதி, வேதியியலுக்குப் பாதி.

காமர்ஸ் குரூப் என்றாலே ‘மார்க் கம்மியா?’ என்று கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பி.காம், சி.ஏ., வங்கி வேலை என்று போக விரும்பும் பிள்ளைக்கு அதுதான் நேர்வழி. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பாக இருந்தாலும் சரி. ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். அறிவியல் படித்தவர் பிறகு பி.காம் பக்கம் வரலாம். காமர்ஸ் படித்தவர் பி.எஸ்சி. இயற்பியலுக்குப் போக முடியாது. ஆகவே உண்மையிலேயே குழப்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு அறிவியல் குரூப் கொஞ்சம் பாதுகாப்பு. குழப்பமே இல்லாத பிள்ளையை அதற்காக இழுத்துவந்து உட்கார வைக்கத் தேவையில்லை.

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போவதும் ஒரு வழிதான். மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சீக்கிரம் ஒரு வேலை தேவைப்படும் குடும்பங்கள் இதை யோசிக்கலாம்.

அரசுப் பள்ளியிலிருந்து மாறும்போது இழப்பது

பல பெற்றோர் கவனிக்காமல் விடும் விஷயம் இது. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்து நல்ல மார்க் எடுத்த பிள்ளையை, ‘இனிமேலாவது நல்ல ஸ்கூல்ல போடுவோம்’ என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பவர்கள் நிறைய. அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-ல் விரிந்தது. இந்த இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதற்கான நிபந்தனை, 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஐந்து ஆண்டு அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு ஆண்டு தனியாரில் படித்தால் அந்த உரிமை போய்விடும்.

கல்லூரி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. இவற்றுக்கும் அரசுப் பள்ளிப் படிப்பே அடிப்படை. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். இங்கேயும் கடைசி இரண்டு ஆண்டில் தனியாருக்கு மாறினால் தகுதி போய்விடும்.

தனியார் பள்ளியே கூடாது என்பதல்ல இதன் பொருள். பக்கத்து அரசுப் பள்ளியில் வேண்டிய குரூப் இல்லாமலோ, இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாகவோ இருக்கலாம். அப்போதுகூட இன்னும் நாலு ஸ்டாப் தள்ளி இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 மாணவர்களுக்கு இலவச சைக்கிள் உண்டு, பஸ் பாஸும் உண்டு.

பதினொன்றை நடத்துகிறார்களா?

பள்ளிக்குப் போகும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, ‘போன வருஷம் ரிசல்ட் எப்படி?’ ஃபிளெக்ஸ் போர்டிலேயே பதில் இருக்கும் கேள்வி. கேட்க வேண்டியது வேறு: ‘பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழுசா நடத்துவீங்களா?’

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தையே மனப்பாடம் செய்ய வைக்கும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் இருந்தது. அதைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டது. பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் அழுத்தம் குறைந்தது நல்லதே. ஆனால் பழைய வழக்கம் திரும்பவும் தலைகாட்ட இடம் கிடைத்திருக்கிறது. நீட், ஜே.இ.இ. தேர்வுகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் பெரும் பங்கு வகிக்கிறது. அதைப் படிக்காத பிள்ளை கல்லூரி முதலாண்டுக் கணிதத்திலேயே தடுமாறும்.

அலுவலகத்தில் கேட்டால் ‘நடத்துவோம் சார்’ என்றுதான் சொல்வார்கள். அதே பள்ளியில் இப்போது பிளஸ் 2 படிக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து, ‘போன வருஷம் ஃபிசிக்ஸ்ல எத்தனை பாடம் நடந்துச்சு? லேப்புக்கு எத்தனை தடவை போனீங்க?’ என்று கேட்டால் உண்மை தெரியும். பள்ளி வாசல் டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

வீட்டு நேரமும் ஒரு பாடம்தான்

ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணிக்கு முடியும், அந்த நேரத்துக்கு ஊருக்கு பஸ் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பள்ளியை எடைபோட வேண்டும். அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்வது அக்காதான் என்றால், தம்பியின் ஸ்கூல் வேன் நேரமே அக்காவின் பள்ளியை முடிவு செய்துவிடும். பெண் பிள்ளைகள் விரும்பிய குரூப் இல்லாவிட்டாலும் ‘பக்கத்திலேயே படிக்கட்டும்’ என்று நிறுத்தப்படுவதற்கு இதுவும் காரணம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் பாட்டி வீடு, பக்கத்து வீட்டு அத்தை, அரசு மாணவியர் விடுதி என்று ஏதாவது ஒரு ஏற்பாடு செய்ய முடியும்.

பேசுவதற்கு நேரம் குறித்து உட்கார வேண்டும் என்பதில்லை. பைக்கில் கடைக்குப் போகும்போதோ, ஞாயிற்றுக்கிழமை கறி வெட்டிக்கொண்டிருக்கும்போதோ கேட்கலாம். ‘என்ன ஆகப் போற?’ என்று பதினைந்து வயதுப் பிள்ளையைக் கேட்டால், தோளைக் குலுக்கும் அல்லது ‘தெரியல’ என்னும். ‘யாரும் சொல்லாமயே எந்த புக்கை எடுப்ப?’ என்றால் பதில் வரும். ‘என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அங்கதான் சேர்றாங்க’ என்பதையும் சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். புது இடத்தில் தனியாக நிற்கும் பயம் அந்த வயதில் சின்ன விஷயமல்ல. அதற்காகவே ஒரு குரூப்பை எடுப்பதுதான் தவறு.

தனியார் பள்ளி என்று முடிவானால், கட்டணக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு, கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்க வேண்டும். விடுதி, சீருடை, நீட் வகுப்பு என்று தனித்தனியாக வரும் தொகைகளை இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தால்தான் மொத்தக் கணக்கு தெரியும். பழைய பள்ளியில் கட்டண பாக்கி இருப்பதாலேயே டி.சி. தர மறுக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

சேர்ந்த பிறகு குரூப் ஒத்துவரவில்லை என்றால், முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் பேசி மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் வழி இருக்கும். காலாண்டுத் தேர்வு வரை காத்திருந்தால் கஷ்டம். ஜூன் மாதம் முழுக்க, ‘இன்னிக்கு மேத்ஸ் புரிஞ்சுதா?’ என்று இரவுச் சாப்பாட்டின்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.