ஊடாடு வானொலிக் கற்பித்தல்

ஊடாடு வானொலிக் கற்பித்தல் என்பது, வானொலி அல்லது ஒலிப்பதிவு வழியாக வரும் பாடத்துக்கு வகுப்பறையில் உள்ள மாணவர்கள் உடனுக்குடன் வாயாலும் உடலசைவாலும் மறுமொழி அளிக்குமாறு அமைக்கப்பட்ட ஒரு கற்பித்தல் முறை ஆகும். பாடல், இசை, கதை, கேள்வி, இடைவெளி ஆகியன இதன் கூறுகள். பாடநூலும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதிய அளவில் இல்லாத பள்ளிகளை முதன்மையாகக் கருத்தில் கொண்டு இம்முறை உருவாக்கப்பட்டது. கணிதம், மொழி, அறிவியல் ஆகிய பாடங்களில் இது பயன்பட்டுள்ளது.

== தோற்றம் ==

1960களில் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பீஸ் என்ற மெய்யியலாளர் கணினி வழிக் கற்பித்தல் பற்றி ஆய்வு செய்து வந்தார். கணினி ஒரு கணக்கைக் கேட்கும், மாணவர் விடையளிப்பார், விடை சரியா தவறா என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் அக்காலத்தில் ஓர் ஊரகப் பள்ளிக்குக் கணினி வழங்குவது எண்ணிப் பார்க்க இயலாத செலவு. இதே கேள்வி விடைப் பயிற்சியை, விலை குறைந்த வானொலியைக் கொண்டு அளிக்க முடியுமா என்ற முயற்சியே இம்முறைக்கு வித்திட்டது.

1974 இல் நடு அமெரிக்க நாடான நிகராகுவாவில் வானொலிக் கணிதத் திட்டம் தொடங்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமை இதற்கு நிதி வழங்கியது. பாடங்கள் எசுப்பானிய மொழியில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்காக ஆக்கப்பட்டன.

== செயல்படும் விதம் ==

வானொலி ஒருவழி ஊடகம். மாணவர் கூறுவதை அதனால் கேட்க இயலாது. இக்குறையை ஈடுசெய்வது இடைவெளி ஆகும். "மூன்றுடன் இரண்டைக் கூட்டினால் எத்தனை?" என்று ஒலிபரப்பில் ஒரு பாத்திரம் கேட்கும். பின்னர் சில நொடிகள் அமைதி நிலவும். மாணவர்கள் உரக்க விடை கூறுவர். அதன்பின் "ஐந்து" என்ற விடை ஒலிக்கும். தம் விடை சரியா என்பதை ஒவ்வொரு மாணவரும் உடனே அறிந்துகொள்கின்றனர்.

இடைவெளியின் நீளம் முக்கியமானது. குறைந்தால் மெல்லக் கற்போர் பின்தங்குவர். கூடினால் வகுப்பின் கவனம் சிதறும். ஆகவே பாடங்களை உண்மையான வகுப்பறைகளில் ஒலிக்கச் செய்து, மாணவர்களைக் கவனித்து, அதற்கேற்பத் திருத்துவது இம்முறையின் இன்றியமையாத பகுதியாக உள்ளது.

பாடங்களின் பொதுவான இயல்புகள்:

* ஒரு பாடம் ஏறத்தாழ 30 நிமிடங்கள் நீடிக்கும். அதைத் தொடர்ந்து ஆசிரியர் வகுப்பை நடத்துவார்.
* ஒரு கருத்து ஒரே நாளில் முழுவதும் கற்பிக்கப்படுவதில்லை. சிறு பகுதிகளாகப் பல நாட்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும்.
* ஒரு பயிற்சியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைக் குறிக்கச் சிறு இசைத்துணுக்குகள் பயன்படும்.
* எண்களையும் சொற்களையும் மனத்தில் நிறுத்தப் பாடல்கள் உதவும். கைதட்டல், எழுந்து நிற்றல் போன்ற அசைவுகள் சோர்வை நீக்கும்.

== நிகராகுவா ஆய்வு ==

நிகராகுவாவில் முதல் வகுப்பைச் சேர்ந்த 88 வகுப்பறைகளில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 1981 இல் வெளியாயின. சில வகுப்புகளுக்கு வானொலிப் பாடமும், சிலவற்றுக்குப் பாடநூலும் வழங்கப்பட்டன. எஞ்சியவை வழக்கம்போல் நடந்தன. வழக்கமான வகுப்புகளைவிடப் பாடநூல் பெற்றவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திட்டவிலக்கமும், வானொலி பெற்றவை ஏறத்தாழ 1.5 திட்டவிலக்கமும் கூடுதலாக மதிப்பெண் பெற்றன. மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் அமைந்தவை எனக் கொண்டால், வானொலி வகுப்பின் சராசரி மாணவர் வழக்கமான வகுப்பு மாணவர்கள் 100 பேரில் சுமார் 93 பேரை விஞ்சுவார் என்பது இதன் பொருள். நகர்ப்புற, ஊரக மாணவர்களுக்கு இடையிலான இடைவெளியும் குறைந்தது.

பிற நாடுகளில் கிடைத்த பயன்கள் பெரும்பாலும் இதைவிடக் குறைவானவை. 1979 இல் ஏற்பட்ட புரட்சிக்குப் பின்னர் நிகராகுவாவில் இத்திட்டம் தொடரவில்லை.

== பரவல் ==

கென்யாவில் 1980களின் முற்பகுதியில் முதல் மூன்று வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க இம்முறை கையாளப்பட்டது. டொமினிக்கன் குடியரசில் பள்ளியே இல்லாத சிற்றூர்க் குழந்தைகளுக்காக 1980களில் ஒரு திட்டம் நடத்தப்பட்டது. சாம்பியாவில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம், எயிட்சு நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகள் உள்ளிட்ட, பள்ளி செல்ல வாய்ப்பற்றோரைச் சென்றடைந்தது. அங்கு சமூகத்தைச் சேர்ந்த தன்னார்வலர்களே வகுப்புகளை நடத்தினர். மின்வசதி இல்லாத இடங்களில் கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் வானொலிகள் பயன்பட்டன. இந்தியாவில் கர்நாடக மாநிலம் 2000களில் தொடக்கப்பள்ளிகளுக்காகக் கன்னட மொழியில் இத்தகைய பாடங்களை ஒலிபரப்பியது.

== ஒலிபரப்பும் ஒலிப்பதிவும் ==

ஒலிபரப்பில் தவறவிட்ட பாடத்தை மீளப் பெற இயலாது. ஒலிநாடா, குறுந்தட்டு, எம்பி3 கோப்பு ஆகியவற்றில் பதிந்த பாடத்தை ஆசிரியர் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். மீண்டும் ஒலிக்கச் செய்யலாம். எனினும் பதிவுகளையும் கருவிகளையும் ஒவ்வொரு பள்ளிக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். ஒலிபரப்போ ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளை எட்டும். பாடத்தை ஆக்கும் செலவு தொடக்கத்தில் மிகுதி; மாணவர் எண்ணிக்கை உயர உயர ஒருவருக்கான செலவு குறையும்.

== குறைபாடுகள் ==

* வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை கூறுவதால், விடை அறியாத மாணவர் மற்றவர்களைப் பின்பற்றி ஒப்பிக்க இடமுண்டு.
* பாடத்தின் வேகம் அனைவருக்கும் ஒன்றே.
* குறுகிய விடையுள்ள கேள்விகளே இதற்கு ஏற்றவை. விளக்கம் தேவைப்படும் கேள்விகளை ஆசிரியரே கையாள வேண்டும்.
* வெளிநாட்டு நிதியை நம்பித் தொடங்கிய திட்டங்கள் பல, நிதி நின்றதும் நின்றுபோயின.

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பல நாடுகள் வானொலிப் பாடங்களை மீண்டும் நாடின. எபோலா பரவிய காலத்தில் வானொலியைப் பயன்படுத்திய சியேரா லியோனி அவற்றுள் ஒன்று. எனினும் வீட்டில் தனியே கேட்கும் குழந்தைக்கு, ஒலிபரப்பைத் தொடர்ந்து பாடத்தை வழிநடத்தும் ஆசிரியர் இல்லை. இம்முறை ஆசிரியருக்கு மாற்று அன்று, துணையே என்பதை இது காட்டுகிறது.