பேடு புதுசு... பிரேக் புதுசா?

"அண்ணே, முன் சக்கரத்துல கிறீச் கிறீச்சுன்னு சத்தம். பேடு மாத்தணும். சாயங்காலம் வெள்ளிமலைக்கு ஒரு லோடு இருக்கு..."

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வா தம்பி. நீ வர்றதுக்குள்ள மாட்டிடறேன்!"

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எந்த ஒர்க்ஷாப் வாசலில் நின்றாலும் இந்த மாதிரி வசனம் காதில் விழும். அண்ணனும் சொன்னபடியே மாட்டிவிடுவார். தம்பியும் டீ, வடை முடித்து வண்டியைக் கிளப்பிவிடுவார். டீயில் ஒரு குறையும் இருக்காது. பிரேக்கில்தான் இருக்கும்!

பேடு மாட்டுவது கால் மணி நேர வேலை. சரியாக மாட்டுவது ஒன்றரை மணி நேர வேலை. நடுவே உள்ள அந்த ஒண்ணே கால் மணி நேரத்தின் மதிப்பு, கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு மூட்டையோடு இறங்கும்போதுதான் தெரியும்.

'நான் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவன், எனக்கெதற்கு இது?' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள் சார். நீங்கள் தவணையில் வாங்கிய காரிலும் முன்னால் இதே டிஸ்க், இதே பேடுதான். வேலை தேடி அலுத்த உங்கள் தம்பி, கடனில் ஒரு பிக்கப் வாங்கிச் சொந்தத் தொழில் பண்ணலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அவருக்காகவாவது படியுங்கள்!

மலை கேட்கும் கணக்கு

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே நிற்கிறது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பகுதி. உயரம் சுமார் 2,000 முதல் 3,000 அடி. மேலே விளையும் மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்கினால்தான் ஜவ்வரிசி ஆகும். இறக்குவது யார்? பெரும்பாலும் பிக்கப்தான்.

வண்டியும் லோடுமாக 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2,000 அடி இறங்கும்போது அந்த வேகத்தை அடக்கும் வேலை முழுக்க பிரேக்கின் தலையில் விழுந்தால் எவ்வளவு சூடு பிறக்கும்? சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு! கல்யாண வீட்டு அண்டாவை உங்கள் சக்கரத்துக்குள் அடுப்பேற்றியது மாதிரி.

பொலிரோ பிக்கப், தோஸ்த், டாடா ஏஸ் எல்லாவற்றிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாயும். இறக்கத்தில் இன்னும் அதிகமாகவே சாயும். ஆக, அந்த அண்டாவில் பெரும்பங்கைச் சுமப்பது உள்ளங்கை அகலமுள்ள நாலே நாலு பேடுகள்!

பூட்ஸில் பிறந்த பேடு

பிரேக் லைனிங் பிறந்ததே மலை இறக்கத்தில்தான். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப் பக்கம், இறக்கத்தில் குதிரை வண்டியை அடக்க வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைப் பிரேக் கட்டையில் வைத்து சக்கரத்தில் அழுத்துவார்களாம். இதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட், பூட்ஸைவிட உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று 1897-ல் ஆரம்பித்ததுதான் 'ஃபெரோடோ' கம்பெனி. 1902-ல் லான்செஸ்டர் என்ற இன்னொரு இங்கிலாந்துக்காரர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வைத்த பேடு செம்பு. பிரேக் பிடித்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்! நம் சென்னை பாடியில் 1962 முதல் 'பிரேக்ஸ் இந்தியா' இருக்கிறது. ஆக, நல்ல பேடுக்குப் பஞ்சமில்லை. மாட்டுவதில்தான் பஞ்சம்.

எப்படி மாட்ட வேண்டும்?

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கி ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை விடுவது, மாமனார் வாக்கை நம்பி வேலையை விடுவது மாதிரி!

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள இன்னொரு பக்கம் பிரிக்காமல் இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் மாற்றியே ஆகவேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

காலிப்பரைக் கழற்றினால் அதை ரப்பர் ஹோஸிலேயே தொங்கவிடக் கூடாது. ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் தூசியை வாயால் 'உஃப்' என்று ஊதாதீர்கள். ஏர் அடித்தும் கிளப்பாதீர்கள். அந்தக் காலத்துப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இந்தக் காலத்துத் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

கழற்றின பழைய பேடைத் தூக்கி எறியாதீர்கள். அது ஜாதகம் மாதிரி! உள்பக்கத்துப் பேடு தேய்ந்து, வெளிப்பக்கத்துப் பேடு தடியாக இருந்தால், காலிப்பர் நகர வேண்டிய ஸ்லைடு பின் இறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரி செய்யாமல் புதுப் பேடு போட்டால் அதற்கும் அதே கதிதான். பின்னைக் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் சிலிகான் கிரீஸ் போட வேண்டும். கைக்குக் கிடைத்த சாதா கிரீஸைப் பூசினால் ரப்பர் உப்பிவிடும். பேடு உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுக்க வேண்டும்.

டிஸ்கில் ஆழமான கோடு, வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று பல டிஸ்குகளில் பொறித்தே இருக்கும். அதற்குக் கீழே போனால் டிஸ்கையும் மாற்றுங்கள். துடைக்க பிரேக் கிளீனர். டீசல் வேண்டவே வேண்டாம்! எண்ணெய்ப் பசை பட்ட பேடு எதையும் பிடிக்காது.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். வழிந்து பெயிண்ட்டில் பட்டால் பெயிண்ட்டைத் தின்றுவிடும். ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும். பேடில் 'கிறீச்' என்று எச்சரிக்கும் தகடு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கம்பெனி புத்தகத்தில் பார்த்துப் போடுங்கள். கிரீஸ் தேவையென்றால் பேடின் முதுகில் லேசாக. முகத்தில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. போல்ட்டை 'கை சொல்லும்' என்று முறுக்காமல், புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

வண்டியை எடுக்குமுன்...

எல்லாம் முடிந்ததா? இன்னும் இல்லை! பிஸ்டன் இப்போது உள்ளே தள்ளியே இருக்கிறது. வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டியாகும்வரை பார்க்க வேண்டும். மறந்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். எதிரே சுவரிருந்தால் சுவர், டீக்கடை இருந்தால் டீக்கடை! பிறகு பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். கெட்டியாகாமல் 'பொத பொத' என்றிருந்தால் லைனில் காற்று இருக்கிறது. ஏர் எடுக்காமல் வண்டியைத் தொடாதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 3' ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், வண்டி நிற்காது. கம்பெனி சொன்ன கெடுவில் ஆயிலை மாற்றுவது அதனால்தான்.

புதுப் பெண்ணைப் போல...

புதுப் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். காலி ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்குச் சீராகக் குறையுங்கள். இப்படி எட்டுப் பத்து தடவை, நடுநடுவே சூடாற இடைவெளி விட்டு. முதல் இருநூறு கிலோமீட்டருக்கு 'சடக்'கென்று மிதிக்கும்படி ஓட்டாதீர்கள். இதைச் செய்யாமல் அன்றைக்கே லோடேற்றி மலை இறங்கினால், பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போகலாம். பார்க்க அழகு, பிடிக்காது!

எவ்வளவு நன்றாக மாட்டினாலும் பேடு மட்டும் மலையைத் தாங்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது வெறும் பிரமை. கியரிலிருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய டீசல் இன்ஜின் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும்! இன்ஜினையே அணைத்துவிட்டால் பூஸ்டருக்குச் சக்தி கிடைக்காது. இரண்டொரு மிதியில் பெடல் கருங்கல்லாகிவிடும். சரக்கோடு ஆட்களையும் பின்னால் ஏற்றுவது சட்டப்படி தப்பு. பிரேக் போனால் குதிக்கக்கூட வழியில்லாமல் மாட்டிக்கொள்பவர்கள் அவர்கள்தான்.

எனவே மெக்கானிக்கிடம் 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'பின்னைத் துடைச்சீங்களாண்ணே? டிஸ்க் அளந்தீங்களா? பெடல் மிதிச்சுப் பாத்தாச்சா?' என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். 'விவரமான ஆளு' என்று சந்தோஷப்படுவார்.

வெள்ளிமலை லோடு? நாளைக்குப் போகலாம். மலை எங்கேயும் ஓடிப்போகாது. பிரேக் இல்லாத வண்டிதான் ஓடும்!